டியூட்டி வாடகையில் இரண்டு அறைகள்

யாரோ செய்த தவறால் நமக்கு ஓர் அறை குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது. அதே தவறால் நம்மோடு வந்த இன்னொருத்திக்கும் ஓர் அறை கிடைக்கிறது. நாம் வாய் திறந்தால் இரண்டு அறைகளின் வாடகையும் ஏறும். அவள் வேண்டாம் என்று சொல்லும்போது வாய் திறக்க நமக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அந்தத் தவறு தவறுதான் என்பதில் மட்டும் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

நாங்கள் அந்தமானில் லாங் ஐலண்ட் தீவில் இருக்கிறோம். என் கணவர் இங்கே சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அவள் வீட்டுக்காரர் மர மில்லில் வேலை பார்க்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். என் பையன் இரண்டு தடவை சேர்ந்தாற்போல் இருமினால், "என்ன பிள்ளே, சளியா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அவன் எனக்குத் தலைப்பிள்ளை; எதற்கும் பயப்படுகிறவள் நான். அந்தக் குரல் இல்லாவிட்டால் முதல் வருஷத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியவில்லை.

பையனுக்கு எட்டு மாதமானபோது அவனை அம்மாவிடம் காட்ட ஊருக்குப் புறப்பட்டேன். அக்காவும் அதே கப்பலுக்குக் கிளம்பினாள். அவளுடைய பெரிய பெண்ணுக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. மெட்ராஸில் காட்டினால் சரியாகும் என்று இங்குள்ள டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே அவர்கள் வெகுநாள் வாயைக் கட்டிச் சேர்த்திருந்தார்கள்.

லாங் ஐலண்டிலிருந்து போட்டில் போர்ட் பிளேயர் போய்க் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். சொந்த வேலையாகப் போகிறவர்கள் அங்குள்ள அபர்டீன் பஜாரில் தெரிந்தவர்கள் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தையோடு யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க எனக்குக் கூச்சம். என் கணவர் ஆபீஸ் வயர்லெஸ்ஸில் சொல்லி சர்க்கார் ரெஸ்ட் ஹவுஸில் எங்கள் இருவருக்கும் இரண்டு அறை கேட்டார். வாடகை எதுவானாலும் கட்டுவதாகத்தான் எண்ணம். ஆனால் எங்கள் தீவிலிருந்து வயர்லெஸ்ஸில் அறை கேட்டால் அது சர்க்கார் வேலையாக, டியூட்டியில் வருகிறவருக்குத்தான் என்பது வெகுநாள் வழக்கம். யாரும் பொய் சொல்லவில்லை. இவர் காரணம் சொல்லவில்லை, அங்கே யாரும் கேட்கவும் இல்லை.

ரெஸ்ட் ஹவுஸ் பாபு தமிழர்தான், இங்கேயே பிறந்தவர்; பேச்சில் இந்தி கலக்கும். இரண்டு சாவிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "லாங் ஐலண்ட், ரெண்டு ரூம், டியூட்டி. அச்சா. சாமான ஏத்திடலாம் பஹன்ஜி."

அவர் தலைக்குமேல் சுவரில் வாடகைப் பலகை தொங்கியது. டியூட்டிக்காரருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு அதைப்போல நாலு மடங்கு. நான் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம டியூட்டி இல்லையே..."

"எட்டி, பேசாம சாவிய வாங்கு," என்றாள் உதடு அசையாமல். "நீயா எழுதிக் குடுத்தே? அவனுவளா எழுதிக்கிட்டானுவ."

வாங்கினேன். களைப்பு, பையன் அழுதுகொண்டிருந்தான். நாளைக்கே கப்பல் என்றும் சொன்னார்கள். ஒரு நாளில் முடிகிற காரியம் என்று நினைத்தேன்.

கப்பல் வரவில்லை. ஹேடோ துறைமுகத்தில் விசாரித்தால் மெயின்லண்டிலிருந்தே இன்னும் கிளம்பவில்லை என்றார்கள். வாடகையைக் கடைசியில் மொத்தமாகத் தந்தால் போதும். ஆனால் நாள் ஏற ஏற என் மனசில் அந்தப் பலகையும் பெரிதாகிக்கொண்டே வந்தது. துணி துவைக்கும்போது அக்காவிடம் மறுபடி பேச்செடுத்தேன்.

"சர்க்கார் கட்டடம். நாம கட்டாட்டி ஒண்ணும் முங்கிப் போவாது," என்றாள் அவள். "மில்லுல எங்க வீட்டுக்காரரு ஓவர்டைம் பாத்ததுல பாதி இன்னும் வரல. அதுக்கு எந்தப் பாபு ராத்தூக்கம் இல்லாமக் கெடக்கான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் அது வேறு கணக்கில் சேர வேண்டிய நியாயம்.

அன்று மத்தியானம் கார் நிகோபார் தீவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ் உள்ளே நுழைந்தாள். மழையில் நனைந்த பெட்டி, கையில் மாற்றல் உத்தரவு. பாபு கையை விரித்தார். "எல்லா ரூமும் டியூட்டி ஆளுங்க, சிஸ்டர். யாரையும் காலி பண்ணச் சொல்ல முடியாது. வராண்டாவுல பெஞ்ச் இருக்கு."

அவள் சண்டை போடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள். என் பையனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். அதுவரை சர்க்காருக்கும் எனக்கும் நடுவில் இருந்த விஷயம் இப்போது அவளுக்கும் எனக்கும் நடுவில் வந்துவிட்டது. வாடகையில் மீதமானது சர்க்காருடையதாக இருக்கலாம். அறை அவளுடையது.

அக்காவிடம் போய், சொல்லப் போகிறேன் என்றேன்.

"உன் ரூமுக்கு மட்டும் சொல்லு. என்னை இழுக்காத."

அப்படித்தான் சொன்னேன். என் அறை சொந்த வேலைக்கானது, முழு வாடகை கட்டுகிறேன், நர்ஸுக்குத் தேவையென்றால் காலி செய்கிறேன். பாபு வயர்லெஸ் செய்தியைத் தேடி எடுத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மெசேஜ். உங்களுது டியூட்டி இல்லேன்னா அவங்களுது மட்டும் எப்படி டியூட்டி? இப்ப நீங்க சொல்லிட்டீங்க, நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது." முகத்தில் கோபம் இல்லை. இந்த அம்மா ஏன் இதை இழுத்து விட்டாள் என்ற அலுப்புதான். கைக்குழந்தை இருப்பதால் என்னை இருக்கச் சொல்லிவிட்டு, அக்காவின் அறையை நர்ஸுக்குக் கொடுத்தார். இருந்த நாட்களுக்கு இரண்டு அறைக்கும் முழு வாடகை.

அக்காவின் பங்கையும் நானே கட்டுகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"வேண்டாம். நீ நேர்மையா இருக்கதுக்கு நான் கடன்காரி ஆவணுமா?" என்றாள். கண் வைத்தியத்துக்கு வைத்திருந்ததிலிருந்து எடுத்துக் கட்டினாள். என் அறையில் வந்து இருங்கள் என்று சொன்னதையும் கேட்காமல், இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பஜாரில் ஒரு ராவுத்தர் கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர்கள் மாடியில் பாய் விரித்து இடம் கொடுத்தார்களாம்.

கப்பலில் எனக்கு முதல் நாளே தலைசுற்றல், வாந்தி. எழுந்திருக்க முடியவில்லை. அக்கா வந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். பால் கொடுக்க மட்டும் கொண்டுவந்து விடுவாள். மெட்ராஸ் வரைக்கும் அவன் அவளிடம்தான் இருந்தான். என்னிடம் அவள் நாலு வார்த்தை பேசவில்லை. துறைமுகத்தில் அவனை என் கையில் கொடுத்து, "காத மூடிக் கொண்டு போ, காத்தடிக்கு," என்றாள். அவ்வளவுதான்.

பெண்ணின் கண்ணுக்கு மருந்தும் கண்ணாடியும் கொடுத்திருக்கிறார்கள். குணம் தெரிகிறது. ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

இப்போது இருவரும் லாங் ஐலண்டுக்குத் திரும்பிவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் குரல் மீண்டும் கேட்க ஆரம்பித்திருக்கிறது. முதலில் பையனிடம், பிறகு அவன் மூலமாக என்னிடம். போன வாரம் அக்காவே எங்கள் வீட்டுப் படியேறி வந்தாள். நான் அவசரமாகத் தேநீர் போட்டேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"கண்ணு காட்டப் போகணும். உங்க வீட்டுக்காரரு கிட்டச் சொல்லி வயர்லெஸ்ல ரூம் போடச் சொல்லு. எப்பவும் போடுத மாதிரியே போடட்டும். ஒண்ணும் கூட்டிச் சொல்ல வேண்டாம்."

போன தடவை அது வழக்கத்தால் நேர்ந்த தவறு. இந்தத் தடவை தெரிந்தே செய்வது. என் கணவர், "நீ சொல்கிறபடி செய்கிறேன்," என்று என் தலையில் போட்டுவிட்டார். 'சொந்த வேலை' என்று சேர்த்து அனுப்பச் சொன்னால், முழு வாடகை கட்ட அவளால் முடியாது; மீதியை நான் தந்தால் வாங்கமாட்டாள். வழக்கம்போல அனுப்பினால், டியூட்டியில் வருகிற யாரோ ஒருத்தி பெஞ்சில் உட்காரக்கூடும் என்பது எனக்குத் தெரியும். செய்தி அனுப்ப இன்னும் சில வாரம் இருக்கிறது. அக்காவிடம் எதுவும் சொல்லாமல் ராவுத்தர் வீட்டுக்கு நானே எழுதி, அவர்களுக்கு இடம் கேட்கலாமா என்றும் தோன்றுகிறது. அதுவும் அவளைக் கேட்காமல் செய்கிற காரியம்தானே என்று பேனாவை வைத்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் குழந்தை குட்டியோடு தீவுகளுக்கும் மெயின்லண்டுக்கும் அலைந்தவர்கள் இருப்பீர்கள். அப்படி அலையாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரியை இழக்க மனமில்லாதவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். என் கணவரிடம் நான் என்ன சொல்லட்டும்? அதை அக்காவிடம் எந்த வார்த்தையில் சொல்லட்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.