எதிரில் நின்றவர்கள்

மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியிலிருந்து மகளோடு திரும்பிய பிறகு பல நாட்கள் என்னால் கடையில் பஞ்சுப் பொட்டலத்தைக் கையில் எடுக்க முடியவில்லை. யாராவது கேட்டால், எடுத்துக்கொள்ளுங்கள் என்று அலமாரியைக் காட்டினேன். தேனி அல்லிநகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவள். பைக்கில் விழுந்து சிராய்த்துக்கொண்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் என் கடைக்குத்தான் வருவார்கள். ரத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் என் மகள் கயிற்றில் சாய்ந்து நின்றதையும், நடுவர் அவளை அணைத்துப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தியதையும், வெள்ளைப் பனியனில் மூக்கு ரத்தம் இறங்கியதையும் அந்தப் பஞ்சு நினைவுபடுத்தியது.

அன்றுவரை அவள் தோற்றதே இல்லை. மாவட்டத்தில் தொடர்ந்து தங்கம். என் கணவரின் அண்ணன் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார். ‘தோல்வியே அறியாத வீராங்கனை’ என்று அதில் பெரிய எழுத்து. ஒரு மூலையில் அவருடைய படமும் இருந்தது.

அந்தத் தங்கங்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்லவேண்டும். என் மகளின் எடை ஐம்பத்து மூன்றரைக் கிலோ. அவள் நிற்கவேண்டியது ஐம்பத்து நான்கு கிலோ வரையிலான பிரிவு. அந்தப் பிரிவில் ஆண்டிபட்டிப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை, கை கல்லு மாதிரி என்பார்கள். இரண்டு பேரும் ஒரே பிரிவில் நின்றால் ஒருத்திதான் மாநிலத்துக்குப் போகமுடியும். அதனால் எடை பார்க்கும் காலையில் பயிற்சியாளர் என் மகளைத் தண்ணீரும் வாழைப்பழமுமாக நிரப்பி அடுத்த பிரிவுக்கு ஏற்றிவிடுவார். என் கணவருக்குக் கம்பத்தில் வாழை வியாபாரம் என்பதால் பழத்துக்குக் குறைவில்லை.

“இன்னும் ரெண்டு திங்கச் சொல்லுங்கக்கா. முள்ளு அம்பத்து நாலத் தாண்டிருச்சுன்னா நம்ம பிள்ளைக்கும் ஒரு தங்கம், அந்தப் பிள்ளைக்கும் ஒரு தங்கம்” என்பார்.

விதிமுறையில் இதற்குத் தடை இல்லை. யாரையும் ஏமாற்றுவதாக எங்களுக்குத் தோன்றவும் இல்லை. ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் எதற்கு அடித்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் எல்லாருடைய நினைப்பும்.

மாநிலப் போட்டியில் அந்த மேல்பிரிவில் நின்றவர்கள் வேறு மாதிரி. அறுபது கிலோவிலிருந்து ஓடி, வியர்த்து, எடை இறக்கி வந்தவர்கள். அவர்கள் நடுவே என் மகள் தங்கச்சி மாதிரி தெரிந்தாள்.

போதும், நிறுத்திவிடலாம் என்றேன். அவள் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

“எதம்மா நிறுத்தணும்?”

“பாக்ஸிங்க.”

“பழத்த வேணா நிறுத்திக்கிறேன். அடுத்த தடவ என்னோட வெயிட்டுல நிக்கப் போறேன்.”

“அங்கன ஆண்டிபட்டிப் பிள்ளை இருக்காள்ல ஆத்தா?”

“இருக்கா. அதுக்குத்தான்.”

அவளைப் பேச்சில் வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். வேறு வழி பார்த்தேன். அவள் ஜெயித்த ஆட்டங்களெல்லாம் என் கணவரின் போனில் இருந்தன. அவற்றை என் போனுக்கு வாங்கி, ஒன்றாகச் சேர்த்து அவளுக்குக் காட்டி, இத்தனை ஜெயித்திருக்கிறாய், தலை நிமிர்ந்தே விலகிக்கொள் என்று சொல்லலாம் என நினைத்தேன். மதியம் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்.

அத்தனையும் முன்பே பார்த்தவைதான். ஆனால் அப்போதெல்லாம் என் கண் மகள் மேலேயே இருந்தது. இப்போது அவள் முகத்தைப் பார்த்தாலே அந்த ரத்தம் நினைவுக்கு வந்ததால், கண் தானாக எதிரில் நிற்கிற பிள்ளையிடம் போனது. ஒருத்தி ஒவ்வோர் அடிக்கும் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடினாள். இன்னொருத்தியின் தலைக்கவசம் பெரிதாக இருந்து கண்ணை மறைத்தது. அவள் அதை மேலே தள்ளும்போதெல்லாம் என் மகளின் குத்து விழுந்தது, வீடியோவுக்குள் நாங்கள் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை வாலிபால் ஆடுகிறவள் என்று பிறகு மகளே சொன்னாள், ஆள் குறைகிறது என்று அந்த வாரம்தான் கையுறை மாட்டிவிட்டார்களாம். ஓர் இறுதிப் போட்டியில் எதிரில் ஆளே இல்லை. என் மகள் மட்டும் வளையத்துக்குள் போய் நின்றாள், நடுவர் அவள் கையைத் தூக்கினார். அந்த வீடியோவைத்தான் நான் பல நாள் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன்.

கடைசியில் மாநிலப் போட்டியில் தோற்ற ஆட்டமும் இருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன், ஆனாலும் பார்த்தேன். மூக்கில் அடி வாங்கிய பிறகு, நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எட்டு வரை எண்ணி மறுபடி விட்ட பிறகு, என் மகள் இடது பக்கம் நகர்ந்து தலையைத் தாழ்த்தினாள். எதிராளியின் கை காற்றில் போனது. இவளுடைய குத்து அந்தப் பெரிய பிள்ளையின் விலாவில் சரியாக இறங்கியது, அவள் முகம் சுருங்கியது. அந்தப் பிள்ளையின் அடுத்த அடியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நகர்வு ஜெயித்த எந்த ஆட்டத்திலும் இல்லை. தேவைப்பட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டேன். காட்டிப் பெருமைப்பட வைத்து நிறுத்தலாம் என்றால் காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அந்தத் தோல்வி மட்டும்தான்.

இவள் தன் எடையிலேயே நிற்கட்டும் என்று பயிற்சியாளரிடம் நானே பேசினேன். “ஒரு தங்கம் போயிருமேக்கா” என்றார். மாநிலத்துக்குப் போகிற பிள்ளைகளில் ஒன்று குறையும், இவளுக்குக் கல்லூரியில் விளையாட்டு இடம் கிடைப்பது சந்தேகம், இன்னும் ஓர் ஆண்டு மேல்பிரிவிலேயே ஓட்டிவிடலாம் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஃபிளெக்ஸ் வைத்த பெரியப்பா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஊரெல்லாம் தோக்காத பிள்ளைன்னு சொல்லிவச்சிருக்கேன். இப்ப ஆண்டிபட்டிக்காரி கையில தோத்தா எம் மூஞ்சிய எங்கன கொண்டுபோய் வைக்கிறது?”

“ஃபிளெக்ஸுல ஏற்கெனவே வச்சிருக்கீகளே பெரியப்பா, அங்கனயே இருக்கட்டும்” என்றாள் மகள்.

“பேச்சப் பாரு! தாயும் மகளும் சேந்துக்கிட்டீகளா?”

“சேந்துக்கிட்டோம்” என்றேன். சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மாவட்டத் தேர்வு தேனியிலேயே நடந்தது. எடை எந்திரத்தில் அவள் வெறும் வயிற்றோடு ஏறினாள். பக்கத்தில் நின்ற ஆண்டிபட்டிப் பிள்ளை இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “வழி தெரியாம இந்தப் பக்கம் வந்துட்டியாடி?” என்று சிரித்தாள். “இத்தன நாளு வழி தெரியல, இப்பத்தான் தெரிஞ்சுச்சு” என்றாள் இவள்.

மூன்று சுற்றும் நடந்தது. கண்ணை மூடக்கூடாது என்று நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சுற்றில் இவள் நிறைய வாங்கினாள். இரண்டாவதில் அந்த இடது நகர்வு வந்தது, பிறகு திரும்பத் திரும்ப வந்தது. கடைசிச் சுற்றில் இரண்டு பேரும் களைத்து ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து நின்றபோது அரங்கில் சத்தமே இல்லை. புள்ளி போடும் நடுவர்கள் ஐவரில் மூவர் ஆண்டிபட்டிப் பிள்ளைக்கு, இருவர் என் மகளுக்கு. வளையத்துக்குள் நின்ற நடுவர் தூக்கியது அந்தப் பிள்ளையின் கையை.

இவள் உதடு வீங்கி இறங்கி வந்தாள். நான் பஞ்சைக் கிழித்து, நனைத்து, ஒற்றினேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். எழுந்து அவரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“ஒங்க பிள்ளை கூட எம் பிள்ளையும் பாக்ஸிங் பழகலாமா? நீங்க சொல்ற நாளு, நானே பஸ்ஸுல கூட்டிட்டு வாரேன்.”

அவர் தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

“கூட்டிட்டு வாங்கத்தே” என்றாள். “என்னைய இன்னிக்குத்தான் ஒருத்தி ஒழுங்கா அடிச்சிருக்கா.”

முதல் பஸ்ஸிலேயே வந்தால் சரியாக இருக்குமா என்று அவள் அம்மாவிடம் கேட்டேன்.