புற்றுக்கு முன்னால் ஒற்றைப் பூட்ஸ்

சாமி கும்பிடும் இடத்துக்கு முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வரச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலேசியாவில், ஈப்போ ஓட்டலொன்றில் தோசைக்கல்லோடு மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். இந்த ஊர் இன்னும் பிடிபட்டபாடில்லை.

கோப்பெங் பக்கம், பால்மரம் என்கிற ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பழைய தோட்டத்தில் ஒரு சின்ன அம்மன் கோயில். பின்னால் ஆளுயரப் புற்று. போன ஞாயிறு அதன் வாயில் முட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டு அறைக்கு வந்து பார்த்தால் விரலில் கல்யாண மோதிரம் இல்லை. இங்கே வந்து உடம்பு இளைத்ததில் அது ஏற்கெனவே லொடலொடவென்றுதான் இருந்தது. காரைக்குடியில் இருக்கும் என் மனைவி செல்வியிடம் எந்த முகத்தோடு சொல்வது? வாரம் முழுக்க வீடியோ காலில் வலது கையை மறைத்தே பேசினேன்.

எங்கள் ஓட்டலில் தினமும் சாப்பிடும் சேகர், புந்தோங்கில் லோரி ஓட்டுபவர். ஓய்வு நாளில் மெட்டல் டிடெக்டரோடு பழைய ஈயச் சுரங்கப் பக்கம் சுற்றுவார். இந்த ஞாயிறு அவரைக் கூட்டிப் போனேன்.

"அண்ணே, கசுட்டக் கழட்டவே கூடாது," என்று ஒரு ஜோடி பூட்ஸை நீட்டினார். இங்கே காலணிக்குக் கசுட் என்று பேர். "கம்பால தட்டிப் பாத்துத்தான் காலு வைக்கணும். மட்டைக்கு அடியில கை போடாதீங்க. இங்க எலி நெறைய, நாகமும் நெறைய லா." இந்த ஊர்ப் பேச்சு ‘லா’ போட்டுத்தான் முடியும். சேகர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினார். இன்னொரு காது பாம்பின் சீறலுக்காம்.

எங்கள் ஊரில் புற்றைக் கண்டதுமே செருப்பு தானாகக் கழன்றுவிடும். பிள்ளை வேண்டி நானும் செல்வியும் செவ்வாய்தோறும் வெறுங்காலோடு போய்ப் பால் ஊற்றினோம். பிறந்தவளுக்கு நாகேஸ்வரி என்றே பேர் வைத்தோம். பிள்ளை கொடுத்தவளுக்குப் பயந்து நான் எப்படிப் பூட்ஸ் மாட்டுவது? சேகர் விடவில்லை, மனசில்லாமல் மாட்டிக்கொண்டேன்.

புற்றின் வாய்க்கு நேரே கருவி கத்தியது. மோதிரம் உள்ளேதான்! என்னையறியாமல் வலதுகால் பூட்ஸைக் கழற்றிவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் புற்றின் வாயிலிருந்து ஒரு நாகம் படமெடுத்து எழுந்தது. நான் கைகூப்பி நின்றேன்.

சேகர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "என்ன செய்றீங்க அண்ணே?"

"கும்பிடுறேன்."

"நானுந்தான் கும்பிடுறேன், பத்தடி தள்ளி நின்னு! கசுட்டோட கும்பிட்டா ஆத்தா கோவிச்சுக்க மாட்டா லா."

நாகம் உள்ளே போனது. சேகர் கொண்டுவந்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பயத்தாலா பக்தியாலா, இப்போதும் தெரியவில்லை. அங்கிருந்தபடியே செல்வியை வீடியோ காலில் அழைத்து வெறும் விரலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ள கைய விட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி. ஆத்தாகிட்டதானே இருக்கு." திரையில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "மோதிரத்த அங்க விட்டுட்டீங்க. நீங்களாவது வந்துருவீங்கல்ல?"

நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். ஒரு கால் பூட்ஸுக்குள், ஒரு கால் ஈரமண்ணில். பின்னாலிருந்து சேகர் கத்திக்கொண்டிருந்தார்: "இன்னொரு கசுட்டையும் போடுங்க அண்ணே!"