மாதிரிக்கு ஒரு கண்

கோவில்பட்டியில் அப்பாவுக்கு உளுந்து, பாசிப்பயறு மொத்த வியாபாரம். விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் கொண்டுவரும் மூட்டையில் குழல் போன்ற இரும்பு ஊசியைக் குத்தி ஒரு கை பயறை எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி ஊதுவார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். அந்த ஒரு கை தேறினால் மூட்டையே தேறியது. கடையில் அது சரி. அதே ஊசியை என் கண்ணுக்கும் தூக்கிக்கொண்டு வருவார் என்று நான் நினைக்கவில்லை.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி, மைனஸ் எட்டு. கழற்றினால் எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்பது குரல் வந்த பிறகுதான் தெரியும். நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்த்த நாட்களில் வியர்வையில் அது மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும். மதுரையில் லேசர் வைத்துக் கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று கூட வேலை பார்த்தவள் சொன்னாள். நானே விசாரித்து நானே நாள் வாங்கினேன். அப்பா துணைக்கு வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

மருத்துவர் பொறுமையானவர். கருவிழியின் மேல்பரப்பை மெல்லிய மூடி மாதிரித் திறந்து, உள்ளே ஒளியால் கொஞ்சம் செதுக்கி வளைவைக் குறைத்து, மூடியைத் திரும்ப வைத்துவிடுவோம், தையல்கூடக் கிடையாது என்று படம் போட்டுக் காட்டினார்.

"செதுக்குனதத் திரும்ப ஒட்ட முடியுமா சார்?" என்றார் அப்பா.

"முடியாது."

"அப்போ மாதிரிக்கு ஒரு கண்ணு பண்ணுங்க. சரக்கு நல்லா இருந்தா மத்தது."

எனக்கு மானம் போயிற்று. பொதுவாக இரண்டையும் சேர்த்தே செய்வது வழக்கம், தனித்தனியாகவும் செய்யலாம், ஆனால் நடுவில் உங்கள் மகளுக்குத்தான் சிரமம் என்றார் மருத்துவர். அப்பா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இல்லன்னா வா, பஸ்ஸப் பிடிப்போம்." அத்தனை நாள் காத்திருந்து அதே கண்ணாடியோடு திரும்ப எனக்கு மனமில்லை. வலது கண்ணைக் கொடுத்தேன்.

இமைக்க முடியாதபடி கண்ணை விரித்து வைத்து, ஒரு சிவப்புப் புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். முடி பொசுங்குகிற வாடை வந்தது. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் லாட்ஜ் ஜன்னலிலிருந்து எதிர்ச்சுவர் போஸ்டரின் அடிவரி வரைக்கும் படித்தேன். அழுகை வந்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. பழைய கண்ணாடியில் வலது பக்கம் வெறும் சில்லு மாற்றிப் போட்டால், உலகம் ஒரு பக்கம் பெரிசாகவும் மறுபக்கம் சின்னதாகவும் தெரிந்து தலை சுற்றியது. இடது கண்ணுக்கு லென்ஸ் வைத்தால் நம்மூர்க் காற்றில் கரிசல் தூசி உள்ளே போய் மிளகாய் அரைத்தது. எதுவும் இல்லாமல் நடந்தால் ஒரு கண்ணில் உலகம், மறு கண்ணில் கஞ்சித்தண்ணி. காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். டவுன் பஸ் படியில் கால் வைத்தால் படி வேறெங்கோ இருந்தது.

இது போதாதென்று கடைக்கு வருகிற போகிறவர்களெல்லாம் பரீட்சை வைத்தார்கள்.

"ஏட்டி, பழைய கண்ணப் பொத்திக்கிட்டு அங்கன தொங்குற காலண்டர்ல என்ன போட்டிருக்குன்னு சொல்லு."

நான் படிப்பேன். "பாத்தீயளா அண்ணாச்சி" என்பார் அப்பா. வாய் பிரித்து வைத்த சாக்குமூட்டை மாதிரி நான் நிற்பேன்.

"மத்தக் கண்ணு எப்பப்பா?" என்று கேட்டால், "ஒரு மழை போகட்டும். உளுந்துகூட மழைக்கப்புறந்தான் வண்டு வைக்குதா இல்லையான்னு தெரியுது" என்பார்.

"என் கண்ணுல வண்டு வைக்காதுப்பா."

மழை போனது. பனி போகட்டும் என்றார். பனி போனதும், வெயிலுக்கு அந்தக் கண் எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு சோறு சாப்பிடுவதையே விட்டிருந்தேன்.

ஒருநாள் வேலை முடிந்து கடைக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அப்பா இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு தராசு முள்ளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே பொத்தியபடி ரோட்டோரம் வரைக்கும் வந்து, லாரி போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"என்னைப் பாத்து வக்கணை காட்டுதீங்களா?"

"போய் வேலையப் பாரு" என்று உள்ளே போய்விட்டார்.

அன்றே மதுரைக்குப் போன் பண்ணி நாள் வாங்கினேன். தனியாகத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், அங்கே அப்பா இரண்டு டிக்கெட்டோடு நின்றார். ரயில் சாத்தூரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

"கொஞ்ச நாளா ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுதான் யாவாரம் பாத்தேன். தராசு தெரியுது. பயறுல கல்லுப் பொறுக்க முடியுது. ரோட்டத் தாண்டுறதுதான் கொஞ்சம் கஷ்டம். ஒண்ணு போனாலும் பிழைச்சுக்கலாம்."

அவர் பக்கம் திரும்பினேன். "அதுக்குத்தான் மாதிரின்னு சொன்னீங்களா?"

"ரெண்டையும் ஒரே நாள்ல குடுக்க எனக்கு மனசு வரல. ஒண்ணு பாத்தாச்சு. அது நிலைச்சு நிக்கும்னு தெரியாம அடுத்ததத் தொடவும் விடல."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாப்பா. சரக்கு, மழை, வண்டுன்னு ஏன் என் உயிரை எடுத்தீங்க?"

"எனக்குப் பயமாருக்குன்னு சொன்னா நீயும் பயந்துருவ."

அந்தப் பதிலும் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. ஒரு வருஷம் பஸ் படியில் தடுக்கி விழுந்தவள் நான். பயம் என்ற ஒரு சொல்லைச் சொல்ல இந்த மனுஷருக்கு அத்தனை மூட்டை உளுந்து தேவைப்பட்டிருக்கிறது.

ஆபரேஷன் அறை வாசலில் துணைக்கு வந்தவர்களை நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல், அத்தனை தூரத்தில், வலது கண்ணில் அப்பா சுத்தமாகத் தெரிந்தார். பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.