ஜெயத்தின் பங்குப் பால்

வைத்திக்குப்பத்துப் பாலர் பள்ளியில் பால் கலக்கியவள் செல்வாம்பாள். பிரான்சுக்காரன் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பழைய சரக்குக் கொட்டகை ஒன்றுக்கு வெள்ளையடித்து, பாய் விரித்து, அதைப் பள்ளி என்றார்கள். கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் மீன் கூடை சுமக்கிறவர்களின் பிள்ளைகளும் காலையில் வந்து பாட்டுப் பாடி, பால் குடித்து, மதியம் சோறு தின்று, தூங்கி எழுந்து போகும். பால் என்றால் கறந்த பால் இல்லை. கப்பலில் வந்த பவுடர். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். செல்வாம்பாள் கலக்கிய பாலில் கட்டி இருந்ததாக யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் அவள் கையிலிருந்து யாரும் டம்ளரை வாங்கியதும் இல்லை. விரல் நுனிகளிலும் உதட்டிலும் அவளுக்கு வெண்குஷ்டம். டம்ளர்களைப் பலகையில் வைத்துவிட்டு அவள் அடுப்படிக்கு நகர்ந்துகொள்வாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்ளும். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. தாய்மார் கண்ணைக் காட்டினார்கள், அவள் புரிந்துகொண்டாள், அவ்வளவுதான். ஒட்டுகிற வியாதி இல்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். அவர் பேச்சைக் கேட்கிற ஊராக இருந்தால் அவர் வாசலில் ஏன் அவ்வளவு கூட்டம்?

அரியாங்குப்பத்தில் பிறந்து, டவுனில் மில் வேலை பார்த்த முருகையனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். புகுந்த வீட்டில் முதல் நாள் மீன் விருந்து. அன்று இரவே மாமியார் ஒரு சொம்புப் பாலைக் கையில் கொடுத்து அறைக்குள் அனுப்பினாள். தலை ஆடி வருவதற்குள் விரல் நுனி வெளுத்துவிட்டது. மீன் தின்ற வயிற்றில் பாலை ஊற்றிக்கொண்டாள், நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று மாமியாரே ஊரெல்லாம் சொன்னாள். பாலைக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆடிக்குத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்ட முருகையன் ஆவணியில் அழைக்க வரவில்லை. எந்த ஆவணியிலும் வரவில்லை. அண்ணி அவளுக்குத் தட்டைத் தனியாக எடுத்து வைத்த அன்று செல்வாம்பாள் கிளம்பி டவுனுக்கு வந்துவிட்டாள். ஒற்றை அறை. பள்ளி விட்டு அங்கே போனால் மறுநாள் காலை வரை அவளோடு பேச ஆள் கிடையாது. அவளும் தன் நாக்கைத்தான் திட்டிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் ஜெயம் பள்ளிக்கு வந்தாள். நாலு வயசு. அவள் அப்பன் குப்பன் போன கட்டுமரம் அவன் இல்லாமல் கரைக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து பிள்ளை வாய் திறக்கவில்லை. தாய் அஞ்சலாட்சி கூடையோடு விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்கு ஓட வேண்டியவள். பழைய சோற்றில் முதல் நாள் மீன் குழம்பைப் பிசைந்து ஊட்டி, பிள்ளையைப் பள்ளி வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாள். சேர்ந்த அன்றே, செல்வாம்பாள் வந்து கதவைத் திறந்ததும் ஜெயம் எழுந்து அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருஷமாக யாரும் தொடாத விரல் அது. அன்று முதல் பள்ளி விடும் வரை பிள்ளை அந்த விரலை விடவில்லை. டீச்சர் சந்திரகலா எவ்வளவு கூப்பிட்டும் ஆட்டத்துக்குப் போகவில்லை.

பள்ளியில் பால் உண்டு என்று தெரிந்ததும் மற்றத் தாய்மார் காலையில் பிள்ளைகளுக்கு மீனை நிறுத்தியிருந்தார்கள். அஞ்சலாட்சிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஜெயத்தின் விரலை முகர்ந்தால் மீன் வாடை அடித்தது. டீச்சரிடம் சொல்ல வழியில்லை. இந்தப் பேச்சை எடுத்த ஒரு தாயைப் போன மாசம்தான் அவள் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். அதனால் செல்வாம்பாள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஜெயத்தின் பங்குப் பாலை அடுப்படிக்குள் கொண்டுபோய்த் தானே குடித்துவிட்டு, பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தாள். தனக்கு வந்தது வந்தாயிற்று, இனி வர என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

டாக்டர் வழக்கம்போலப் பிள்ளைகளை எடை நிறுத்துப் பார்க்க வந்தார். ஜெயத்தின் முறை வந்தபோது தராசை இரண்டாம் முறையும் பார்த்தார்.

"இந்தப் புள்ள ஏம்மா எறங்கிக்கினே போவுது? பால் குடிக்குதா?"

"தெனம் குடிக்கிது டாக்டர்," என்றாள் சந்திரகலா.

மறுநாள் கரண்டி எடுக்க அடுப்படிக்குள் நுழைந்த சந்திரகலா, செல்வாம்பாள் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"அது ஜெயத்தோட பால்தானே?"

செல்வாம்பாள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பன் இல்லாத புள்ள. எலும்பும் தோலுமா நிக்குது. அது வாயிலேந்து புடுங்கிக் குடிக்க உனக்கு எப்படி மனசு வந்துது?"

"அது மீன் துன்ன வயிறு டீச்சரம்மா. மேல பால் ஊத்துனா என்னை மாதிரி ஆயிடும். பாலைக் கொட்டவும் மனசு வரல. அதான் நான் குடிச்சிட்டேன்."

சந்திரகலா டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"வெள்ளைக்காரன் வீட்ல மீனைப் பால்லியே வேக வெச்சித் துன்றான். அவனுக்கு எதுனா வந்துதா?"

"அதான் டாக்டரே, அவுங்க மொத்தமா வெளுத்துக் கெடக்கறாங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி, பால் குடிச்சி அதுக்கும் வந்துதுன்னே வெச்சிக்குவோம். உனக்கு வந்துதே, நீ என்ன செத்தா போயிட்ட? பால் இல்லன்னா இந்தப் புள்ள அடுத்த மழையத் தாண்டாது."

செத்துப் போகவில்லைதான். தொட ஆளில்லாமல், பேச ஆளில்லாமல் நாளைத் தள்ளுவதற்கு உயிரோடு இருப்பது என்று பெயர் என்றால், அவள் உயிரோடுதான் இருந்தாள். அந்த வாழ்வைத் தன் கையாலேயே பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதா என்று நினைத்தாள். ஆனாலும் பிள்ளை பிழைக்க வேண்டும். மறுநாள் டம்ளரை ஜெயத்தின் வாயில் வைத்தாள். பிள்ளை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று டம்ளருக்குள் எட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் பிள்ளையை வெயிலுக்கு இழுத்து நிறுத்தி விரலையும் உதட்டையும் புரட்டிப் பார்ப்பாள். பொங்கல் போயிற்று. மாசி மகத்துக்குச் சாமிகள் கடலாடிவிட்டுத் திரும்பிப் போயின. ஒரு பொட்டு வெளுக்கவில்லை. கன்னம்தான் உப்பியது. அப்படியானால் தன் விரல் வெளுத்ததும் பாலால் இல்லை, தன் நாக்கின் மேல் தப்பே இல்லை என்று ஒரு நாள் அவளுக்கு உறைத்தது. பின்னே முருகையன் எதற்கு விட்டுப் போனான்? இத்தனை வருஷம் எதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம்? கோபம் கோபமாக வந்தது. அதைக் கொட்டித் தீர்க்க எதிரில் ஒருவரும் இல்லை.

ஜெயம் வீட்டில் இரண்டொரு வார்த்தை பேசுவதாக அஞ்சலாட்சி வந்து சொன்னாள். பள்ளியில் பாட்டு நடக்கும்போது பிள்ளையின் உதடு அசைவதைச் செல்வாம்பாளும் பார்த்திருந்தாள். ஒரு நாள் காலை பிள்ளைகள் முற்றத்தில் வட்டம் கட்டினார்கள். ஜெயம் அவள் விரலைப் பிடித்தபடி வெகுநேரம் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

"ஆயாம்மா, உன் கையப் புடிச்சிக்கினு இருந்தா என்னை ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்களாம்."

அவளிடம் ஜெயம் பேசிய முதல் பேச்சு அது. குரல் கணீரென்று இருந்தது.

செல்வாம்பாளே பிள்ளையின் பிடியிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டாள்.

"போ கண்ணு. போய் ஆடு."

ஜெயம் ஓடிப்போய் வட்டத்தில் புகுந்தது. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் அதன் கையைப் பிடித்துக்கொண்டன. ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கும் என்று செல்வாம்பாள் வாசலிலேயே நின்றாள். பிள்ளை திரும்பவில்லை. திரும்பாததுதான் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டும், உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்து வழியும் வரை அங்கேயே நின்றாள்.