துரை வாங்கிய எருமை

போன திங்கட்கிழமை எங்கள் இஞ்சின் துரை வீட்டு எருமை கன்று போட்டது. கிடாரிக் கன்று! அன்று முதல் அவர் பங்களாவில் உட்கார நாற்காலி இல்லை. எல்லா நாற்காலியிலும் சட்டியும் சொம்பும்தான். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது... முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

துரைக்கு ஊர் ஸ்காட்லாந்து. எங்கள் பஞ்சாலைக்குப் புது இஞ்சினோடு வந்து இறங்கியவர். நான் அங்கே ஸ்டோர் குமாஸ்தா. அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. ஆனால் ஆலைச் சங்கு ஊதிய பிறகு அவர் யாரிடம் பேசுவார்? வராந்தாவில் தனியாக உட்கார்ந்து ஒரே கிராமபோன் தட்டைத் திரும்பத் திரும்ப வைப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும். போன மாதம் மானேஜரிடம் சொல்லிவிட்டார் — அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறேன் என்று. அங்கே வேறு வேலை கிடையாது. போனால் திண்டாட்டம்தான். அதற்கும் துணிந்துவிட்டார் மனிதர்!

போகிறவருக்கு ஊரையாவது காட்டலாமே என்று மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போனேன்.

நம் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் கைமேல் துண்டைப் போட்டுக்கொள்வார். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை. துரைக்கு இதெல்லாம் தெரியுமா? இந்த ஊரில் கை குலுக்குவது இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார். தரகர் கையை நீட்டியதும் இவர் பாய்ந்து துண்டுக்குள் கையை விட்டார். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். உற்சாகமாகக் குலுக்கினார்!

"முடிஞ்சுதுங்கோ! துரை எருமையைப் புடிச்சுட்டாருங்கோ!" என்று கத்தினார் தரகர்.

சந்தையே ஓவென்று சிரித்தது. நான் பதறிப்போய் விஷயத்தை விளக்கினேன். துரை எருமையைப் பார்த்தார். எருமை துரையைப் பார்த்தது. வந்த நாளாகச் சிரிக்காதவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கை கொடுத்தாயிற்று, பின்வாங்கமாட்டேன்" என்று இங்கிலீஷில் சொன்னார். மாலையில் எருமை பங்களாவுக்கு வந்து சேர்ந்தது. நிறைசினை வேறு!

வந்த எருமை தீனியைத் தொடவில்லை. கத்தித் தீர்த்தது. அதை விற்ற நாச்சிமுத்துக் கவுண்டருக்கு வீடு பங்களாவுக்குப் பின்தெருதான். அவர் மனைவி பழனியம்மாள் சத்தம் கேட்டு ஓடி வந்தார். துரை என்றும் பார்க்காமல் பிடி பிடி என்று பிடித்தார்.

"ஏஞ் சாமி, பருத்திக்கொட்டையை அப்படியே கொட்டுனா அது எப்படித் திங்கும்? ஊற வெச்சு, ஆட்டிக் குடுக்கோணும்!"

ஆட்டுகிற மாதிரி கையைச் சுழற்றியும் காட்டினார். நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை. மறுநாள் காலை துரை, அரைக்கால் சட்டையோடு ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து கொட்டை ஆட்டிக்கொண்டிருக்கிறார்! வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கு ஒரு யோசனை. கிராமபோன் தட்டு ஓய்ந்தது.

புது ஊருக்கு வந்தவருக்குச் சம்பளம் கொடுக்கலாம், பங்களா கொடுக்கலாம், பட்லர்கூடக் கொடுக்கலாம். உரிமையோடு கோபித்துக்கொள்ள ஓர் ஆளை எந்தக் கம்பெனி கொடுக்கும்?

ஆனாலும் ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன சொல்லை மாற்றத் துரைக்குக் கூச்சம். டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. கப்பலைப் பிடிக்க வியாழக்கிழமை ரயில். எருமையைப் பழனியம்மாளிடமே விட்டுப்போவதாக ஏற்பாடு. எனக்கு மனசே சரியில்லை.

இந்த நிலையில்தான் திங்கட்கிழமை கன்று விழுந்தது. பழனியம்மாள் தன் வீட்டு அடுப்பில் வெல்லம் போட்டுச் சீம்பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். "உங்க எருமைங்க சாமி. நாலு ஊட்டுக்கும் நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கோணும்" என்றார்.

துரை தன் பீங்கான் கோப்பைகளில் எடுத்துவைத்து வீடு வீடாகப் போனார்.

நம் பக்கத்தில், வந்த பாத்திரத்தை யாராவது வெறுமையாகத் திருப்புவார்களா? ஆனால் டீக் கோப்பையில் முருங்கைக்காய் எப்படி அடங்கும்? அதனால் கோப்பையோடு தங்கள் சட்டி, சொம்பு, கூடை என்று நிரப்பி அனுப்பினார்கள். எள்ளுருண்டை, அவரைக்காய், கம்பு, தேன்...

"இந்தப் பாத்திரங்களை நான் என்ன செய்வது?" என்று கேட்டார் துரை.

"திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் வெறுமையாகக் கூடாது" என்றேன் நான், முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு.

பிஸ்கட் போட்டு அனுப்பினார். சட்டிகள் மறுபடி நிறைந்து வந்தன. புதன்கிழமை மானேஜரிடமே போய், "எல்லோர் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்காமல் நான் கிளம்புவது மரியாதை இல்லை" என்று சொல்லிவிட்டார். சொல்லும்போது அந்த முகத்தில் எவ்வளவு நிம்மதி!

பழனியம்மாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"குடுக்கட்டுமுங்க. நாங்க மட்டும் வெறுஞ்சட்டியாவா திருப்பி அனுப்பப் போறோம்?"

வியாழக்கிழமை ரயில் போய்விட்டது. டிரங்குப் பெட்டியில் இப்போது பருத்திக்கொட்டை இருக்கிறது!