இன்குபேட்டர் கதவைத் திறக்காத பத்து நாள்

ரத்த அணு வளர்ப்பது என்பது காத்திருப்பதற்குச் சம்பளம் வாங்கும் தொழில். தாய் அணு ஒன்று எந்தக் கணத்தில் வெள்ளணுவாக மாறத் தீர்மானிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் பார்க்கும்போது அது தீர்மானிக்காது. அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றவர்கள், விசாவுக்கு மனுப் போட்டுவிட்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்த்தவர்கள், இந்த அவஸ்தை உங்களுக்குப் புரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சில அணுக்கள் அங்கே போய்த்தான் கிருமிகளை அடையாளம் கண்டு சண்டை போடும் டி-அணுக்களாகின்றன. அந்தத் தைமஸைப் போல ஒரு மிளகளவு உருண்டையைக் கண்ணாடித் தட்டில் உண்டாக்கி, தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்த தாய் அணுக்களை உள்ளே விட்டு, முழு டி-அணுவாக ஆக்கிக் காட்டுவது துபாயில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அணுக்கள் பாதி வழியில் நின்று செத்துப்போயின. நாலாவதும் அப்படியே ஆனால் மார்ச்சோடு ஒப்பந்தம் முடியும். வேலை போனால் விசா போகும், ஷார்ஜா வீடு போகும், மகள் நிலாவின் பள்ளிக்கூடமும் போகும். அவள் ஒன்பதாவது. பத்தாவதுக்கு நாடு மாறுவது சின்ன விஷயமில்லை. பிள்ளையைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நானும் வித்யாவும் அவளிடம் மூச்சுவிடவில்லை. முதல் தோல்வியிலிருந்து கடைசிவரை ஏழு மாதம் எங்கள் பேச்செல்லாம் சமையலறையில், குக்கர் விசிலுக்கு நடுவே நடந்தது.

டாக்டர்தான், ஆனால் டாக்டர் இல்லை

எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடியில் செல்வம் அண்ணன் இருக்கிறார். பட்டுக்கோட்டைக்காரர், கார்கோ கம்பெனியில் சூப்பர்வைசர். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதை யாரோ சொல்லிவிட, லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் சுகர் ரிப்போர்ட்டை நீட்டுவார். நான் அந்த டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர் என்பேன். ரத்தம் எடுக்கிறவரா என்று கேட்டார். எடுப்பதில்லை அண்ணே, வளர்க்கிறேன் என்றேன்.

லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றது. அவர் இறங்காமல் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அத எதுக்கு சார் வளக்கணும்? நேரா நேரத்துக்குச் சாப்ட்டா தன்னால வளரும்ல?"

மடியில் ஒரு பை

தொப்புள்கொடி ரத்தம் வேண்டுமென்றால் பிரசவம் நடக்கும் இடத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். முன்கூட்டியே தாயிடம் கையெழுத்து வாங்கியிருப்போம். நாலாவது முறைக்குக் கையெழுத்துப் போட்டவள் தேனிப் பக்கத்துப் பெண். ஜனவரி மாதக் காலை, வெளியே பனிமூட்டம் பாலைவனத்தையும் கட்டடங்களையும் மொத்தமாக விழுங்கியிருந்தது. நர்ஸ் என் கையில் கொடுத்த பை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பிறந்து அரைமணிகூட ஆகாத ஒரு குழந்தையின் சூடு அது. பெட்டியில் வைக்க மனசே வரவில்லை.

அந்தத் தாய் என்னைப் பார்க்க வேண்டும் என்றாளாம். இந்த ரத்தம் பிள்ளைக்குத் தேவைப்படாதா என்று மறுபடி கேட்டாள். வழக்கமாக நஞ்சுக்கொடியோடு சேர்த்து எறிந்துவிடுவதுதான் என்று விளக்கினேன். திரும்பி வரும்போது டாக்ஸி பனிக்குள் மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் மிதந்துகொண்டிருந்தது. நான் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். "தூரப் போடறதுக்குப் பதிலா நீங்களே எடுத்துக்கங்கண்ணா. ஆனா பத்திரமாப் பாத்துக்கங்க."

எட்டு முட்டை

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வேண்டும். அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் இருக்கும் முருகேசன் வருவதாக ஒப்புக்கொண்டார். ராமநாதபுரம் பக்கம், ஏசி குழாய் போடும் வேலை. காலையில் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். சரி சார், சரி சார் என்றார்.

ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால் மேலே தெளிவான மஞ்சள் நீர் நிற்க வேண்டும். முருகேசனுடையது ஆவின் பால் மாதிரி வெள்ளையாக நின்றது. கொழுப்பு. சாப்பிட்டீர்களா என்றேன். மறைக்கவில்லை. நெய் போட்ட பரோட்டா நாலு, மேலே முட்டைகள். உடம்பிலிருந்து ரத்தம் போகிற அன்றைக்கு ஒருவனை வெறும் வயிற்றோடு அனுப்புவது அவர் தங்கியிருக்கும் அறையில் நடக்காத காரியம். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ அந்த அறையில் எனக்கும் ஒரு கட்டில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "நான் என்ன சார் செய்ய? ரூம்ல மத்தவங்க எட்டுப் பேரு, ஆளுக்கு ஒரு முட்டைய என் தட்டுல வச்சுட்டு, திங்கிற வரைக்கும் எந்திரிக்க விடல."

நெடுகப் பார்ப்பது

எங்கள் டெக்னீஷியன் தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாது. என் வியாதி அவளுக்குத் தெரியும். எனக்கு அணுக்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்குபேட்டரைத் திறந்து, தட்டை எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பதித்துவிட்டால் ஷேக் சையத் ரோடு, மார்ச் மாதம், வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் மறைந்துபோகும். மங்கலான வெளிச்சத்தில் உருண்டை உருண்டையாக அவை கிடக்கும். எதுவும் நடக்காது. அந்த எதுவும் நடக்காததில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நான் இருப்பேன். பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து அதுதான்.

திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சூடு குறையும், காற்றின் அளவு மாறும் என்பது முதல் வருட மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் திறப்பேன். ஒருநாள் அவள் என் பின்னால் வந்து நின்று, சத்தமில்லாமல் தட்டை வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். "நீங்கள் இப்பிடி நெடுகப் பாத்துக்கொண்டிருந்தா அதுகள் எப்பயண்ணா வளருறது?"

கார்டு கலாஸ்

அணுக்கள் நாலாவது வாரத்தில் இருந்தன. மற்ற மூன்று முறையும் அவை செத்த வாரம் அது. காலையில் வாசலில் கார்டைத் தேய்த்தேன், கேட் திறக்கவில்லை. ஆபீசில் யாரோ கம்ப்யூட்டரில் என் ஒப்பந்தம் முடியும் மாதத்தை மார்ச்சுக்குப் பதில் ஜனவரி என்று அடித்துவிட்டார்கள். காகிதப்படி நான் ஏற்கெனவே போய்விட்டவன். திருத்துவதற்கு ஐந்து கையெழுத்து, பத்து நாள்.

ஆபீசில் கெஞ்சிப் பார்த்தேன். தர்ஷினி போனில், மூன்று நாளைக்கு ஒருமுறை தானே சத்துநீர் மாற்றுவதாகச் சொல்லிவிட்டாள். தட்டின் அடியில் மாற்றுவதோடு சரி, எடுத்துப் பார்க்க மாட்டாளாம்.  வீட்டில் சொன்னால் நிலா காரணம் கேட்பாள். அதனால் பத்து நாளும் வேலைக்குப் போகிறவன் மாதிரியே டிபன் பாக்ஸோடு கிளம்பி, பல்கலைக்கழகத்துக் கார் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பனி படிந்து வழியும். சீட்டைச் சாய்த்துக்கொள்வேன். அரைத் தூக்கத்தில் இன்குபேட்டருக்குள் நானே படுத்திருப்பது போலிருக்கும், முப்பத்தேழு டிகிரி, யாரும் கதவைத் திறக்காத இருட்டு. அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. முழித்ததும் பயம் திரும்ப வந்து பக்கத்து சீட்டில் உட்காரும். தினமும் ஒருமுறை இறங்கிப்போய்க் கார்டைத் தேய்ப்பேன். கார்டு முடிந்துவிட்டது, உள்ளே விட முடியாது என்று நேபாளத்துக் காவலாளி தினமும் அதே வருத்தத்தோடு, அரபு கலந்து சொல்லுவார். "கார்டு கலாஸ், சார். மாஃபி என்ட்ரி."

சிந்திய ரவை

பதினோராம் நாள் உள்ளே போனேன். தர்ஷினி அணுக்களை மெஷினில் விடத் தயாராக வைத்திருந்தாள். ஒவ்வோர் அணுவும் லேசர் வெளிச்சத்தைக் கடந்து போகும், திரையில் ஒரு புள்ளியாக விழும். திரையில் நாலு கட்டங்கள். வலது மேல் கட்டம் பாதி வழி. இதுவரை என் புள்ளிகள் எல்லாம் அங்கேயே குவிந்து கிடந்து செத்தவை. இந்த முறை சிந்திய ரவை மாதிரிப் புள்ளிகள் மெல்லப் பரவின. ஒரு கூட்டம் இடது மேலே நகர்ந்தது, இன்னொரு கூட்டம் வலது கீழே. பாதி வழியைத் தாண்டிவிட்டன. முழு டி-அணுக்கள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியதைத் தர்ஷினி பார்க்காத மாதிரி இருந்தாள்.

எங்கள் பேராசிரியர் ஹனான் எகிப்துக்காரர். சந்தோஷப்படுவதற்கு முன்னால் காரணம் தேடுகிறவர். இன்குபேட்டர் கதவு எத்தனை முறை திறக்கப்பட்டது என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். அதை எடுத்துப் பார்த்தார். நான் இருந்தபோது ஒரு நாளைக்குப் பத்தொன்பது முறை. கடைசிப் பத்து நாளில் மொத்தமே மூன்று. அந்தத் தாளை என் முன்னால் வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல இன்னொரு முறை செய்தாக வேண்டும், அதற்கு ஒரு வருடம் வேண்டும் என்றார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியவர், பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "யல்லா, இன்னொரு முறை செய். இன்குபேட்டர் சாவி மட்டும் தர்ஷினியிடம் இருக்கும்."

பை-பை சொல்லிவிட்டவள்

வீட்டுக்குப் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வித்யாவிடம் சொன்னேன். குக்கர்கூட இல்லை, அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வெளியே வந்தால் ஹாலில் நிலா நிற்கிறாள், கையில் ஒரு பெரிய வாழ்த்து அட்டை. வகுப்பில் எல்லோரும் கையெழுத்துப் போட்டது. மிஸ் யூ, டோன்ட் ஃபர்கெட் அஸ், என்று கலர் கலராக. போன வாரமே கொடுத்தார்களாம். தலையணைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறாள்.

எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். குக்கர் சத்தத்துலயும் எல்லாம் கேட்டுச்சுப்பா, நீங்களே பயந்துபோய் இருந்தீங்க, அதான் கேட்கலை என்றாள். நான் அந்த அட்டையை வாங்கிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதம் அவள் தனியாக இதைச் சுமந்திருக்கிறாள். அவளோ அடுத்த கவலைக்குப் போயிருந்தாள். "நான் ஆல்ரெடி எல்லார்கிட்டயும் அழுது பை சொல்லிட்டேன்ப்பா. இப்ப திரும்பப் போய் நின்னா ரொம்ப எம்பாரஸிங்கா இருக்குமே?"

பார்க்கக் கூடாத அணுக்களை நாளுக்குப் பத்தொன்பது முறை பார்த்தவன், பார்க்க வேண்டிய ஒருத்தியை ஏழு மாதத்தில் ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆராய்ச்சியில் இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமான ஒரே முடிவு.