தாயத்துக் கயிறு

மகளுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையிலும் தள்ளாட்டம். எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் படம் எடுத்தவர் நரைத்த பின்னல் போட்ட பெண். காதில் தோடுகூட இல்லை. உள்ளே உலோகம் ஆகாது என்று மகளின் நாகூர் தாயத்தை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார்.

இயந்திரம் போடப்போகும் சத்தத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே வாயால் போட்டுக் காட்டுவது அவர் வழக்கம்.

“எந்த ஊரும்மா?”

“குடவாசல்.”

“அப்ப உனக்குத் தெரிஞ்ச சத்தந்தான். முதல்ல போர் மோட்டார்” என்று உறுமிக் காட்டினார். “அப்புறம் அறுவடை மெஷின். வயல்ல அது வர்றப்ப என்ன பண்ணுவே?”

“வரப்புல அசையாம நிப்பேன்.”

“இங்க அசையாம படுத்துக்க. அவ்வளவுதான்.”

மகள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

முடிந்ததும் தாயத்தை அவரே வாங்கிக் கட்டினார்.

“படத்துல ஏதாவது தெரியுதுங்களா?” என்றேன்.

“டாக்டர் பாத்துச் சொல்வாருங்க” என்றார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாலையில் டாக்டர் சொன்னார், சிறுமூளையில் கட்டி.

ஆபரேஷனுக்கு முன் தாயத்தை அவிழ்க்கும்போதுதான் கவனித்தேன். எப்போதும் ஒரு முடிச்சுதான் போடுவோம். அவர் அதன்மேல் இன்னொன்றை இறுக்கிப் போட்டிருந்தார். அப்போதே அவருக்குத் தெரிந்திருக்குமோ? இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கட்டுவாரோ?

சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அதே மோட்டார், அதே அறுவடை மெஷின். மகள் வெளியே வந்ததும் அவர் தாயத்துக்குக் கை நீட்டினார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முடிச்சோடு நிறுத்திக்கொண்டார்.